ஏடிஎச்டி: ‘கவனக்குறைவு’ என்று எழுதலாமா?

‘சாரதியின் கவனக்குறைவே விபத்துக்குக் காரணம்’ என்று பத்திரிகையில் வாசித்தால் நமக்கு யார்மேல் கோபம் வரும்? சாரதியின்மேல்தான். தமிழில் கவனக்குறைவு என்றால் அசட்டை, பொறுப்பின்மை. மனத்தை ஒன்றில் நிறுத்தவும் துடிப்பை அடக்கவும் பிள்ளைக்குச் சிரமமாக்கும் நிலைதான் ஏடிஎச்டி (ADHD). அதைக் ‘கவனக்குறைவு மிகையியக்கக் கோளாறு’, அதாவது கவனம் குறைந்து அளவுக்கு மீறித் துள்ளும் கோளாறு, என்று எழுதும்போது அந்தக் குற்றச்சாட்டும் சேர்ந்து பிள்ளையின் தலையில் ஏறிவிடுகிறது.

ஆங்கிலப் பெயரும் ஒரேயடியாக வந்ததல்ல. 1902இல் லண்டனில் ஜோர்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர், அறிவில் குறையில்லாமல் இருந்தும் தம்மை அடக்க முடியாத பிள்ளைகளைப் பற்றி விரிவுரை நிகழ்த்தினார். அதை ஒழுக்கக் கட்டுப்பாட்டில் உள்ள குறை என்றே அவர் விளக்கினார். அமெரிக்க உளமருத்துவக் கையேடு 1968இல் சிறுபராய மிகையியக்கம் என்றது. 1980இல் அவதானத்தை முன்னுக்குக் கொண்டுவந்தது. 1987இல் இரண்டையும் சேர்த்து ‘அட்டென்ஷன் டெஃபிசிட் ஹைப்பராக்டிவிட்டி டிசோர்டர்’ என்ற இன்றைய பெயரை வைத்தது. முதலில் ஒழுக்கத்தைப் பார்த்தார்கள், பிறகு கைகாலை, கடைசியில்தான் மனத்தை. ‘சரியான குழப்படி’ என்று சொல்லிவிட்டுப் போகும் நாம் இன்னும் 1902ஐத் தாண்டவில்லை.

அட்டென்ஷன் என்பதன் லத்தீன் வேருக்கு ஒன்றை நோக்கி நீளுதல் என்று பொருள். ஈழத்தில் அதற்கு அவதானம் என்கிறோம். அது வடசொல், மனத்தை ஒன்றில் வைத்தல் என்பது கருத்து. ஒரே வேளையில் எட்டு விடயங்களில் மனம் வைப்பவரை அட்டாவதானி என்று கொண்டாடிய மொழி நம்முடையது. மிகையியக்கம் நல்ல ஆக்கம். அதில் கைவைக்கத் தேவையில்லை. எனக்குப் பிணக்கு ‘குறைவு’ என்ற சொல்லோடுதான்.

திருகோணமலை டச் பே கடற்கரையில் ஒரு மாலைப் பயிற்சி. பன்னிரண்டு சிறுவர்கள் ஒரே வரிசையில் நின்றார்கள். ஒன்பதாவது ஆள் மணலில் குந்தி, முழங்கை மறையும்வரை கையை விட்டு நண்டு வளை தோண்டிக்கொண்டிருந்தான். பயிற்றுநர் மூன்று தடவை கூப்பிட்டும் அவனுக்குக் கேட்கவில்லை. பக்கத்தில் பந்து வந்து விழுந்தது, அதையும் பார்க்கவில்லை. கவனம் அவனிடம் தாராளமாக இருந்தது. அதை வேண்டிய இடத்தில் வைக்கவும் வேண்டிய நேரத்தில் எடுக்கவும்தான் அவனால் முடியவில்லை. ஆகவே ‘அவதானச் சீரின்மை – மிகையியக்கம்’ என்று எழுதுவதே பொருந்தும் என்பேன். நீளம்தான், ஆனால் பழி சுமத்தாத நீளம்.

எல்லாரும் துள்ளித் திரிவதுமில்லை. அமைதியாக இருந்து யன்னலுக்கு வெளியே பார்க்கும் பெண்பிள்ளைக்கும் இது இருக்கலாம். அவளைத்தான் நாம் பெரும்பாலும் தவறவிடுகிறோம்.

மறுநாள் பயிற்றுநர் வரிசையை மூன்றாக உடைத்தார். காத்திருக்கும் நேரம் சுருங்கியது. ‘ஓடு, கூம்பைச் சுற்று, பந்தை எடு, அடுத்தவனிடம் கொடு’ என்று ஒரே மூச்சில் அடுக்கும் பழக்கத்தை விட்டார். பெயர் சொல்லி, முகம் பார்த்து, ஒரு நேரத்தில் ஒன்று. அதையும் செய்து காட்டி. சரியாகச் செய்தால் பாராட்டு அந்த இடத்திலேயே. கடலில் இறங்கும்போது மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருக்க ஒரு பெரியவர். நினைத்தவுடன் பாய்ந்துவிடும் பிள்ளைக்கு அலை அவகாசம் தராது.

வீட்டுப்பாடம் முடிக்கவில்லை என்று விளையாட்டை நிறுத்தும் ஆசிரியர்களைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வரும். ஓடி வியர்த்த பிறகு சிறிது நேரமாவது இப்பிள்ளைகளுக்கு அவதானம் கூடுகிறது. அதையே பறித்தால் எப்படி? விளையாட்டு சிகிச்சைக்கு மாற்றல்ல என்பதும் உண்மை. ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் மெத்தில்பெனிடேட் போன்ற மருந்து பசியைக் குறைக்கும், இதயத் துடிப்பைக் கூட்டும். பிள்ளை அதை எடுத்தால் பெற்றோர் பயிற்றுநரிடம் சொல்லிவைக்க வேண்டும். ஊக்கமருந்துத் தடை விதிகளின்படி போட்டியின்போது அது தடைசெய்யப்பட்ட மருந்து, முன்அனுமதி தேவை. ஜிம்னாஸ்டிக் வீராங்கனை சிமோன் பைல்ஸ் அத்தகைய அனுமதியுடன்தான் விளையாடினார். 2016இல் அவருடைய மருத்துவக் கோப்புகளைக் கணினி ஊடுருவிகள் வெளியிட்டபோது, தமக்கு ஏடிஎச்டி உண்டு, அதில் வெட்கப்பட ஏதுமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னார்.

பயிற்சி முடிந்ததும் கூம்புகளை அடுக்கும் பொறுப்பு நம் ஒன்பதாவது ஆளிடம். அம்மம்மா கூட்டிப்போக வந்தார்.

“இன்றும் குழப்படியா, சேர்?”

“இல்லை அம்மா, இதெல்லாம் அவன் அடுக்கியதுதான்.”

பயிற்றுநர் கூம்புகளை எண்ணிப் பார்த்தார். பன்னிரண்டில் பதினொன்று இருந்தது. மற்றதை நண்டு வளையின்மேல் கவிழ்த்து வைத்திருந்தான், நாளைக்கு அடையாளம் தெரிய.