பழைய செங்கல் பாலத்தை அகலமாக்குவது எப்படி?

அகலமாக்கும் முன் பழைய வளைவின் பலத்தைப் பார்க்க வேண்டும். செங்கல் வளைவுப் பாலத்துக்குப் பாரம் பகையல்ல. சீராக அமுக்கினால் இன்னும் இறுகித்தான் நிற்கும். பாரம் ஓரிடத்தில் மட்டும் விழும்போதுதான் வில்லங்கம். வளைவின் கால்வாசித் தூரத்தில் கனரக லாரி ஏறினால் அந்த இடம் அமுங்கும், எதிர்ப்பக்கம் மேலே எழப் பார்க்கும். செங்கல்லும் காரையும் அமுக்கத்தைத் தாங்கும், இழுவையைத் தாங்காது.

பெரிய வளைவுகளைச் செங்கல்லில் ஒன்றின் மேல் ஒன்றாகப் பல வளையங்களாகக் கட்டுவார்கள். கசியும் மழைநீர் சுண்ணாம்பைக் கரைக்கக் கரைக்க வளையங்கள் பிரிந்துகொள்ளும். தனித்தனித் தாள்களை வளைப்பதற்கும், அவற்றையே ஒட்டிக் கெட்டி அட்டையாக்கி வளைப்பதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேயும் உண்டு. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. அடியில் சாரம் கட்டி, சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும். ‘ணங்’ என்றால் சரி, ‘டொப்’ என்றால் உள்ளே பொந்து. அங்கே துளையிட்டு, துருப்பிடிக்காத எஃகுக் கம்பி செருகி, காரைக் குழம்பைச் செலுத்துவார்கள்.

அது போதாதென்றால் ரோட்டைப் பெயர்த்து, உள்ளே நிரப்பிய மண்ணை அள்ளிவிட்டு, வளைவின் முதுகில் கம்பி கட்டிக் காங்கிரீட் போடுவார்கள். இதில் மண் அள்ளுவதுதான் ஆபத்தான வேலை. ஒரு பக்கமாகவே அள்ளினால் மறுபக்க மண்ணின் பாரம் வளைவைக் கோணலாக்கி, சரித்தே விடலாம். இரு பக்கமும் மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டும். அவசரக்காரருக்கு ஏற்ற வேலையல்ல.

அப்புறம் அகலம். நடைபாதை அளவு போதுமென்றால் பாலத்தின் குறுக்கே காங்கிரீட் தளம் போட்டு, இரு ஓரமும் வெளியே நீட்டிவிடலாம். அதிகம் வேண்டுமென்றால் பக்கத்திலேயே புது வளைவுதான். ரயில் பாலம் என்றாலும் இதற்கு நல்ல உதாரணம், இங்கிலாந்தின் தேம்ஸ் ஆற்றில் பொறியாளர் புரூனெல் கட்டிய மெய்டன்ஹெட் பாலம். அதன் இரண்டு பெரிய வளைவுகள் ஒவ்வொன்றும் 128 அடி நீளத்தைத் தாண்டுகின்றன; எழும்புவதோ 24 அடிதான். அவ்வளவு தட்டை! 1838-ல் சென்ட்ரிங்கைத் தளர்த்தியபோது ஒரு வளைவின் அடி வளையங்கள் பிரிந்தே போயின. காரை இறுகும் முன்பே தளர்த்தியதால் வந்த வினை. அதைச் சரிசெய்து, 1839-ல் ரயில் விட்டார்கள். பிறகு 1890-களின் தொடக்கத்தில் இரண்டு பக்கமும் அதே வடிவில் செங்கல் வளைவு சேர்த்து, நான்கு தண்டவாளத்துக்கு இடம் செய்தார்கள்.

இப்படிச் சேர்ப்பதில் ஒரு சிக்கல் உண்டு. பழைய அஸ்திவாரம் அமுங்க வேண்டிய அளவு அமுங்கி முடித்திருக்கும், புதியது இனிமேல்தான் அமுங்கும். இரண்டையும் இறுகக் கட்டிப்போட்டால் நடுவே நீளவாக்கில் வெடிப்பு விழும். அதனால் இடையில் ஒரு சந்து விட்டு, அதைத் தண்ணீர் புகாதபடி அடைப்பது நல்லது. அடைப்பு கிழிந்தால் ரோட்டில் விழும் மழையெல்லாம் நேரே பழைய சுண்ணாம்பில்தான் இறங்கும்.