மிஷின் போடுகிறவரெல்லாம் பிசியோ அல்ல

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டவரின் கையைக் கயிறு கட்டித் தலைக்கு மேல் இழுக்காதீர்கள். பிசியோதெரபிஸ்டாக எத்தனை வீடுகளில் இதைச் சொல்லியிருக்கிறேன் என்று கணக்கே இல்லை. போன வாரமும் ஒரு பெரியவரை அழைத்து வந்தார்கள். ஜன்னல் கம்பியில் கப்பி மாட்டி, நல்ல கையால் கயிற்றை இழுத்து விழுந்த கையைத் தூக்கவைத்திருக்கிறார் வீட்டுக்கு வந்துபோன ஒரு தம்பி. சட்டையைக் கழற்றிப் பார்த்தால், தோள்பட்டை எலும்பின் விளிம்புக்குக் கீழே என் விரல் ஒன்று தாராளமாக உட்காரும் அளவுக்குப் பள்ளம். மூட்டு இறங்கிவிட்டது. தொட்டாலே அலறுகிறார்.

“வலித்தால்தான் சரியாகும் என்று அந்த பிசியோ சொன்னார், மேடம்” என்கிறார் மகள். அவர் என்ன படித்திருக்கிறார் என்று கேட்டேன். ஆள் அனுப்பும் ஏஜென்சியிலிருந்து வந்தவராம். முன்பு ஏதோ மருத்துவமனையில் பிசியோ அறையில் உதவியாளராக இருந்தாராம். “அங்கே எல்லா மிஷினும் அவர்தான் போடுவாராம்.”

இந்த மிஷின்தான் எங்கள் தொழிலைப் பிடித்த சனி. நம் ஊரில் பிசியோதெரபி என்றால் கரண்ட் வைப்பது. “பத்து நாள் கரண்ட் வைத்தேன், கேட்கவில்லை” என்றுதான் பாதிப் பேர் பேச்சையே தொடங்குகிறார்கள். “அங்கே நாலு மிஷின் வைத்தார்கள், நீங்கள் ஒன்றுகூட வைக்கவில்லையே?” என்று பணம் கொடுக்கும்போது முறைக்கிறவர்களும் உண்டு. ஐ.எஃப்.டி., டென்ஸ் என்கிற கரண்ட் மிஷின்கள், மெழுகு ஒத்தடம் எல்லாம் வலியைக் கொஞ்ச நேரம் அடக்கிவைக்கும் துணைகள், அவ்வளவுதான். அந்தப் பொத்தான்களை அழுத்த ஒரு மதியப் பொழுதில் கற்றுக்கொள்ளலாம். அதற்காக யாரும் கல்லூரிக்குப் போவதில்லை. எந்த மூட்டை எவ்வளவு அசைக்கலாம், எதைத் தொடவே கூடாது, யாரை என்னிடம் வைத்துக்கொள்ளாமல் உடனே அனுப்ப வேண்டும் என்பதற்குத்தான் படிப்பு. முதுகுவலிக்காரர் ஒருவர் சிறுநீர் போவதே தெரியவில்லை, உட்காரும் இடம் மரத்துப்போகிறது என்றால், அவரை முதுகை இழுத்துவிடும் டிராக்‌ஷன் கட்டிலில் ஏற்றக் கூடாது. அந்த நிமிடமே பெரிய மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். தாமதித்தால் சிறுநீரை அடக்கும் கட்டுப்பாடு திரும்பாமலே போகலாம். மிஷின் போட மட்டும் தெரிந்தவருக்கு இந்தக் கேள்வியைக் கேட்கவே தோன்றாது.

இன்னொரு கூத்து முழங்கை. விழுந்து எலும்பு முறிந்து கட்டுப் பிரித்த பிள்ளைக்குக் கை மடங்கவில்லை என்று எண்ணெய் போட்டு நீவுகிறார்கள், முரட்டுத்தனமாக மடக்குகிறார்கள். அடிபட்ட முழங்கையை நீவினால் தசைக்குள் எலும்பு வளரக்கூடும். பிறகு மடங்க வேண்டிய கை மடங்கவே மடங்காது. தயவுசெய்து அந்த முழங்கையை யாரும் நீவ விடாதீர்கள், அது பாட்டியாகவே இருந்தாலும்.

சரி, யாரிடம் போவது? பி.பி.டி. என்ற பிசியோதெரபி இளநிலைப் பட்டம் இருக்கிறதா என்று வாய் திறந்து கேளுங்கள். தமிழ்நாட்டில் இதுவரை படித்து வந்தவர்களுக்கு அது 4 ஆண்டுப் படிப்பும் 6 மாதப் பயிற்சியும் சேர்ந்தது. பெரும்பாலும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பட்டமாக இருக்கும். ஆறு மாத டிப்ளமோ பிசியோ ஆகாது. எங்களைப் போன்ற சுகாதாரத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டின் தேசியச் சட்டமே இளநிலைப் பட்டம்தான் குறைந்தபட்சத் தகுதி என்கிறது. அதன்படி தகுதியுள்ளவர்களைப் பதிவேட்டில் ஏற்றும் வேலை ஆமை வேகத்தில் நகர்கிறது என்பது எங்களுக்கும் எரிச்சல்தான். நாங்கள் பெயருக்கு முன்னால் ‘டாக்டர்’ போடலாமா என்று சண்டை போட மட்டும் எல்லோருக்கும் நேரம் இருக்கிறது. பிசியோதெரபிஸ்ட் சங்க உறுப்பினர் அட்டையைக் காட்டினால் நல்லதுதான், ஆனால் அது உரிமம் அல்ல. கிளினிக் நடத்துகிறவர் என்றால், மாவட்ட மருத்துவ நலப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் கொடுத்த பதிவுச் சான்று இருக்கிறதா என்று பாருங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிறவரிடம் உங்களுக்கு வேலை இல்லை. நான் என் சான்றிதழைச் சுவரிலேயே மாட்டியிருக்கிறேன். நிமிர்ந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

முதல் நாள் அவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். ஸ்கேனையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் வாங்கிப் படிக்க வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்தம், பழைய அறுவைசிகிச்சை பற்றிக் கேட்க வேண்டும். நடக்கச் சொல்லி, குனியச் சொல்லிப் பார்க்க வேண்டும். எதையும் கேட்காமல் நேராகக் கட்டிலில் படுக்கவைத்து ஒயரைச் செருகினால் எழுந்து வந்துவிடுங்கள். பரிசோதிக்கும் முன்பே முப்பது நாளுக்கு மொத்தப் பணம் கேட்டாலும் அப்படியே.

ஏஜென்சியைக் கூப்பிடுகிறவர்கள் பணம் மிச்சம் என்று கூப்பிடுவதில்லை. படுத்திருப்பவரைத் தூக்கிக்கொண்டு வர முடியாததால்தான். அது புரிகிறது. ஆனால் அரசு மருத்துவமனைகளில் பிசியோதெரபிப் பிரிவு இருக்கிறது. சென்னையில் இருப்பவர்களுக்கு கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. நடமாட முடியாதவர்களுக்கு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வருகிறார், இலவசமாக. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும்.

இந்தத் திட்டத்தில் ஒரு வட்டாரம் முழுவதையும் சுற்றுகிறவர் உங்கள் வீட்டுக்குத் தினமும் வர முடியாது. அதனால் அவர் வரும்போது வீட்டில் ஒருவர் டி.வி.யை அணைத்துவிட்டு அருகில் நின்று, எப்படிப் புரட்டுவது, எப்படி உட்காரவைப்பது, எந்தக் கையைப் பிடித்து இழுக்கக் கூடாது என்று செய்துபார்த்தே கற்றுக்கொள்ளுங்கள். செல்போனில் படம் எடுத்துவைத்துக்கொண்டாலும் சரி, அவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள்.