ரத்தம் போன இடத்தில் உப்புநீர்

1952இல், கொரியப் போர் நடந்துகொண்டிருந்தபோது, வொன்ஜு என்ற ஊரிலிருந்த அமெரிக்க ராணுவ மருத்துவமனையில் டயாலிசிஸ் இயந்திரம் ஒன்றை நிறுவினார்கள். அதற்கான காரணம் வேதனையானது. ரத்தம் ஏராளமாகப் போய், அறுவை சிகிச்சையும் முடிந்து, 'பிழைத்துவிட்டார்' என்று எல்லோரும் நிம்மதியடைந்த வீரருக்குச் சிறுநீர் பிரியவில்லை. ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி, சில நாளில் இதயம் நின்றது. கடுங்காயம் பட்டவர்களில் சுமார் 200 பேருக்கு ஒருவர் இப்படிச் சிறுநீரகச் செயலிழப்புக்கு ஆளானார். ரத்தப்போக்குதான் நின்றுவிட்டதே, அப்புறம் ஏன்?

இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து 300 கிராம் தேறும். ஆனால் இதயம் தள்ளும் ரத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர், அவற்றுக்குத்தான் போகிறது. செழிப்பான இடம் என்றுதான் தோன்றும். உள்ளே போனால் நிலைமை வேறு. அந்த ரத்தத்தில் பெரும்பகுதி வெளிப்புறத்தில் வடிகட்டும் வேலைக்கே போய்விடுகிறது. உள்பகுதியான மெடுல்லாவுக்குக் கிடைப்பது சொற்பம். அங்கேயோ, வடிகட்டிய நீரிலிருந்து உப்பை மீட்பதற்காக நுண்குழாய்ச் செல்கள் இரவும் பகலும் பம்ப் அடித்துக்கொண்டிருக்கின்றன. அதற்கு ஆக்ஸிஜன் நிறைய வேண்டும். சாதாரண நாளிலேயே வாய்க்கும் வயிற்றுக்குமாகப் பிழைப்பை ஓட்டும் செல்கள் அவை.

ரத்தம் கொட்டும்போது மூளையையும் இதயத்தையும் காப்பாற்ற, தோல், குடல், சிறுநீரகம் ஆகியவற்றின் ரத்தக்குழாய்களை உடல் இறுக்குகிறது. முதலில் சிறுநீர் குறைவதற்குக் காரணம், சிறுநீரகம் தண்ணீரைச் சேமிப்பதுதான். அந்தக் கட்டத்திலேயே ரத்த ஓட்டம் திரும்பினால் பாதிப்பு தங்காது. நேரம் நீடித்தால் மெடுல்லாவின் செல்கள் மூச்சுமுட்டி, சுவரிலிருந்து உதிர்ந்து, நுண்குழாயையே அடைத்துக்கொள்கின்றன. அந்தச் சிறுநீரை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் சேற்று நிறத்தில் உருளை உருளையாகத் தெரியும். பிறகு ரத்தஅழுத்தம் சரியானாலும் சிறுநீரகம் உடனே விழித்துக்கொள்ளாது.

தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டிலின் ஓரம் தொங்கும் சிறுநீர்ப் பையை நர்ஸ் மணிக்கொரு தரம் குனிந்து பார்ப்பது இதனால்தான். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லியாவது இறங்க வேண்டும். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் ஏறி ஆபத்தைக் காட்ட ஒரு நாள்கூட ஆகலாம். பை அதற்கு முன்பே சொல்லிவிடும்.

வியட்நாம் போரில் காயம்பட்டவர்களை ஹெலிகாப்டரில் சீக்கிரமே தூக்கி வந்தார்கள். ரத்தத்தோடு சலைன் என்ற உப்புநீர், ரிங்கர் லாக்டேட் என்ற இன்னொரு உப்புக் கரைசல் என்று தாராளமாக ஏற்றினார்கள். சிறுநீரகச் செயலிழப்பு 600 பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் குறைந்தது. ஆனால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறியவர்கள் வந்தார்கள். வியட்நாமின் டா நாங் நகரை வைத்து 'டா நாங் நுரையீரல்' என்றே அதற்குப் பெயர் விழுந்தது.

சலைன் ரத்தக்குழாயை நிரப்பும், ஆக்ஸிஜனைச் சுமக்காது. ரத்தம் உறையத் தேவையான பொருள்களும் அதில் இல்லை. வெட்டுப்பட்ட குழாயில் அப்போதுதான் பிடித்த ரத்தக்கட்டி, அழுத்தம் திடீரென ஏறினால் பிய்த்துக்கொள்ளும். இதை வால்டர் கேனன் என்ற உடலியல் அறிஞர் 1918லேயே எச்சரித்திருந்தார். 1994இல் ஹூஸ்டன் நகரில், உடற்பகுதியில் குண்டோ கத்தியோ பாய்ந்த 598 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். உடனே திரவம் ஏற்றியவர்களில் 62 சதவீதம் பேர் பிழைத்தார்கள். அறுவை அரங்கு போகும்வரை பொறுத்தவர்களில் 70 சதவீதம். தலையில் அடிபட்டவர்களுக்கு இந்தப் பொறுமை ஆகாது. மூளைக்கு அழுத்தம் குறையவே கூடாது.

அளவு மீறிய திரவம் சிறுநீரகத்தையும் விடாது. அதைச் சுற்றியிருக்கும் கெட்டியான உறை விரிந்துகொடுப்பதில்லை. உள்ளே நீர் கோத்தால் தன் அழுத்தத்திலேயே ரத்த ஓட்டம் தடைபடும். சலைனில் குளோரைடு வேறு லிட்டருக்கு 154 மில்லிமோல், நம் ரத்தத்தில் சுமார் 100தான். மிகுதியான குளோரைடு நுண்குழாய்க்குள் வந்ததும், வடிகட்டியின் வாசல் குழாய் சுருங்குகிறது. நடைமுறையில் இதன் விளைவு எவ்வளவு என்பதில் பெரிய ஆய்வுகள் ஒத்துப்போகவில்லை. ஸ்டார்ச் கலந்த திரவங்கள் விஷயத்தில் அந்த இழுபறி இல்லை. தீவிர சிகிச்சை நோயாளிகளுக்கு அவற்றைக் கொடுத்தபோது டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் கூடினார்கள் என்று 2012இல் வெளியான ஆய்வுகள் காட்டின.

அதனால் இப்போது முதல் வேலை ரத்தப்போக்கை நிறுத்துவது. காயம்பட்ட மூன்று மணி நேரத்துக்குள், ரத்தக்கட்டி கரையாமல் காக்கும் டிரனெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்து. அப்புறம் சீக்கிரமே ரத்தம், பிளாஸ்மா, பிளேட்லெட். சலைன் அளவோடு. 'இன்னும் ஒரு பாட்டில் ஏற்றுங்களேன்' என்று தவிக்கும் உறவினரிடம் மருத்துவர் தயங்கினால், அது அலட்சியமாக இருக்க வேண்டியதில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் சிறுநீரகத்துக்கு ஒரு நல்ல குணம் உண்டு. உதிராமல் எஞ்சிய செல்கள் பிரிந்து பெருகி, வெறுமையான நுண்குழாய்ச் சுவரை மெல்ல மூடுகின்றன. ஒன்றிரண்டு வாரம் டயாலிசிஸில் கிடந்தவருக்கு ஒரு நாள் பையில் சிறுநீர் இறங்கத் தொடங்கும். புதுச் செல்களுக்கு உப்பைப் பிடித்து வைக்கும் பழக்கம் இன்னும் வந்திருக்காது. நாளுக்கு நாலைந்து லிட்டர்கூடப் போகலாம். அப்போது நர்ஸ் மறுபடியும் மணிக்கணக்கு பார்க்க ஆரம்பிப்பார், இந்த முறை இழந்த நீரை ஈடுகட்டுவதற்காக.