ஜெனரேட்டர் வண்டி எங்கே நிற்கும்?

சென்னையில் முதல் படமோ வெப் சீரிஸோ எடுக்க வருகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "சார், வாடகை கம்மியா ஒரு வீடு கிடைக்குமா?" என்றுதான். கிடைக்கும். சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கம் ஷூட்டிங்குக்கென்றே விடுகிற வீடுகள் இருக்கின்றன. பங்களா வேண்டுமென்றால் ஈ.சி.ஆர். போகலாம். நான் பதிலுக்கு ஒன்று கேட்பேன்: ஜெனரேட்டர் வண்டி எங்கே நிற்கும்? பாதிப் பேர் அதை யோசித்தே இருக்க மாட்டார்கள்.

நானும் யோசிக்காமல் இருந்தவன்தான். புரொடக்‌ஷன் மேனேஜராக எனக்கு இரண்டாவது வேலை அது. வளசரவாக்கத்தில் ஒரு மாடி வீடு. முற்றம், மரப்படிக்கட்டு, ஜன்னலோரம் வேப்பமரம் என்று எல்லாம் பிரமாதம். டைரக்டர் பார்த்ததும் ஓகே சொல்லிவிட்டார். வீட்டுக்காரரிடம் கடிதம் வாங்கி, அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. ஷூட்டிங் அன்று காலை ஆறு மணிக்கு ஜெனரேட்டர் வண்டி தெருமுனைக்கு வந்தது. அங்கே ஒரு டிரான்ஸ்ஃபார்மர், அதற்கு எதிரே தாழத் தொங்கும் கேபிள் டிவி ஒயர்கள். வண்டி உள்ளே நுழையவே இல்லை. அடுத்த தெருவில் நிறுத்தி, கேபிளைச் சாலையின் குறுக்கே இழுத்தோம். எட்டரைக்கு ஸ்கூல் வேன் வந்து நின்றது. ஒன்பதுக்கு ரோந்து போலீஸ். "வீட்டுக்கு லெட்டர் இருக்கு, சரி. ரோட்டுக்கு?" என்றார் எஸ்.ஐ. என்னிடம் பதில் இல்லை. மதியம் ஒன்றரைக்குத்தான் முதல் ஷாட் போனது. அரை நாள் கால்ஷீட் அப்படியே போச்சு. யூனிட்டில் ஒருவரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

அதிலிருந்து லொகேஷன் பார்க்கப் போனால் முதல் அரை மணி நேரம் வீட்டுக்குள் காலே வைப்பதில்லை. சின்ன யூனிட் என்றாலும் ஜெனரேட்டர், லைட் வண்டி, கேமரா வண்டி, காஸ்ட்யூம் வண்டி, ஆர்ட் டிபார்ட்மெண்ட் டெம்போ, சாப்பாட்டு வண்டி, ஒரு கேரவனாவது வரும். இவை நிற்க இடமும் ராத்திரி திரும்ப வழியும் உண்டா என்று பார்ப்பேன். எந்த நேரத்தில் எடுக்கப்போகிறோமோ அதே நேரத்தில் போய்ப் பார்ப்பது முக்கியம். ஞாயிறு மதியம் தூங்குகிற தெரு, திங்கள் காலையில் வேறு தெரு. மெட்ரோ இரண்டாம் கட்ட வேலை ஆரம்பித்ததிலிருந்து ஆற்காடு சாலையை நம்பி யாரும் கால்ஷீட் போட முடிந்ததில்லை. வடபழனியிலிருந்து போரூர் கூப்பிடு தூரம்தான். லைட் வண்டி வந்து சேர்கிற நேரத்தை மட்டும் கேட்காதீர்கள்.

அடுத்தது அனுமதி. எல்லாரும் "சென்னை ஷூட்டிங்" என்கிறோம், ஆனால் நிறையத் தளங்கள் நகர எல்லைக்கு வெளியே இருக்கின்றன. 2022 ஜனவரியில் ஆவடிக்கும் தாம்பரத்துக்கும் தனித்தனி போலீஸ் ஆணையரகம் வந்துவிட்டது. பூந்தமல்லி ஆவடியோடு, கேளம்பாக்கம் தாம்பரத்தோடு. வேப்பேரியில் இருக்கிற சென்னை கமிஷனர் ஆபீஸில் மனுவைக் கொடுத்துவிட்டுப் பூந்தமல்லி ரோட்டில் கேமராவை வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். மகாபலிபுரத்துச் சிற்பங்களுக்கு முன்னால் எடுக்க மத்தியத் தொல்லியல் துறையிடம் போக வேண்டும். ரயில் நிலையம் என்றால் தெற்கு ரயில்வே. ஸ்கிரிப்ட்டில் "ஹீரோ மாட்டு வண்டியில் வருகிறான்" என்று ஒரு வரி இருந்தால்கூட விலங்குகள் நல வாரியத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். அதன் தடையில்லாச் சான்று இல்லாமல் சென்சாரில் படம் நகராது. முன்பு அந்த வாரியத்தின் அலுவலகம் இங்கே திருவான்மியூரில்தான் இருந்தது, ஆட்டோ பிடித்துப் போய் விசாரிக்கலாம். இப்போது ஹரியானாவில் இருக்கிறது. ட்ரோன் பறக்கவிட ஆசை என்றால் எங்கே பறக்கவிடலாம் என்று காட்டுகிற அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தை முதலில் பாருங்கள். விமான நிலையம் ஊருக்குள்ளேயே இருப்பதால் தடைக்கான சிவப்பும், அனுமதி வாங்க வேண்டிய மஞ்சளும் கொஞ்ச நஞ்சமில்லை.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் நான் கொஞ்சம் கறாராகத்தான் பேசுவேன். சீரியல் தளங்களில் ராத்திரி ஒன்பதுக்கு மேலும் மேக்கப்போடு அம்மா மடியில் தூங்கி வழிகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். "பாப்பாவுக்கு ஒரே ஒரு ஷாட்தான் பாக்கி" என்று சமாதானம் சொல்வார்கள். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின்கீழ் 2017-இல் திருத்தப்பட்ட விதிகள் தெளிவாக இருக்கின்றன. ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரம்தான், அதிலும் ஓய்வு கொடுக்காமல் மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன் அனுமதி வாங்க வேண்டும். தொடர்ந்து 27 நாளுக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. ஐந்து குழந்தைகளுக்கு ஒருவர் என்று பொறுப்பாள் வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் அந்தக் குழந்தையின் பெயரில் வங்கியில் டெபாசிட் ஆக வேண்டும். அம்மா அப்பாக்களே, கடைசியாகச் சொன்னதைக் கேட்டு வாங்குங்கள். கூச்சமே வேண்டாம். மேனேஜர்களுக்கு என் பழக்கத்தைச் சொல்கிறேன்: கால்ஷீட் போடும் முன் குழந்தை தூங்குகிற நேரத்தை அம்மாவிடம் கேட்டு, அதன் காட்சிகளைக் காலையிலேயே முடித்து அனுப்பிவிடுவேன். ஹீரோ காத்திருக்கட்டும்.

அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை அவுட்டோர் போடுகிறவர்கள் மாற்றுக்கு ஒரு இன்டோர் சீனைக் கையில் வைத்திருங்கள். மழையை விடுங்கள், மார்கழியில் பொழுதே சீக்கிரம் சாய்ந்துவிடும். ஜூனில் ஆறரைக்கும் இருக்கிற வெளிச்சம் டிசம்பரில் ஐந்தே முக்காலோடு போய்விடும். மழை பெய்த மண்ணில் கிரேன் நிறுத்துவதானால் ஆபரேட்டர் சொல்வதுதான் கடைசி வார்த்தை, டைரக்டர் சொல்வது இல்லை. 2020 பிப்ரவரியில் பூந்தமல்லி அருகே ஒரு செட்டில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தார்கள். 2024 ஜூலையில் சாலிகிராமத்தில் ஒரு சண்டைக் கலைஞர் சுமார் 20 அடி உயரத்திலிருந்து விழுந்து உயிரை விட்டார். இறந்தவர்களை அறிந்தவர்கள் இன்றும் என்னோடு வேலை செய்கிறார்கள். என் கால்ஷீட் தாளில் டைரக்டர் பெயருக்கும் மேலே பக்கத்து ஆஸ்பத்திரியின் பெயர் இருக்கும். ராத்திரி இரண்டு மணிக்கு அங்கே டாக்டர் இருப்பாரா என்று நேரில் போய்க் கேட்டுவிட்டுத்தான் அதை எழுதுவேன்.

அந்த வளசரவாக்கத்துத் தெருவுக்கு நாலு வருடம் கழித்து மறுபடி போனேன். இந்தத் தடவை போலீஸ் அனுமதியோடு, மூன்று நாள் முன்பே வீடு வீடாக ஒரு தாள் கொடுத்தோம். என்றைக்கு, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, யாருக்கு போன் செய்ய வேண்டும், அவ்வளவுதான். எதிர்வீட்டுப் பாட்டி தாளை வாங்கிப் படித்துவிட்டு, "பாட்டை எத்தன மணிக்கு நிறுத்துவீங்க?" என்றார். ராத்திரி பத்துக்கு மேல் ஸ்பீக்கர் வைக்கக் கூடாது, அது சட்டம். "பத்துக்குள்ள நிறுத்திடுவோம்மா" என்றேன். அன்றைக்கு ஒன்பதே முக்காலுக்கு இன்னும் இரண்டு ஷாட் பாக்கி. நிமிர்ந்து பார்த்தால் பாட்டி கேட்டருகே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார், மடியில் சுவர்க் கடிகாரம்.