அரண்டவன் கண்ணும் சிறை இருட்டும்

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பி.டி.எஸ்.டி (பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு) என்ற மன பாதிப்பை இதைவிடச் சுருக்கமாகச் சொல்லிவிட முடியாது. ஒருமுறை உயிர்ப் பயத்தைக் கண்ட மூளை, பாதுகாப்பான இடத்துக்கு வந்த பிறகும் அந்தப் பயத்தையே தேடிக்கொண்டிருக்கிறது. விளக்கைப் போட்டு, ‘நன்றாகப் பார், இங்கே ஒன்றும் இல்லை’ என்று அந்த மூளைக்குக் காட்டுவதுதான் சிகிச்சை.

சரி, அந்த ஆள் இருப்பது சிறையில் என்றால்? அங்கே இருட்டில் சில நேரம் நிஜமாகவே பேய் நிற்கிறது. அப்படிப்பட்ட இடத்தில், ஒரே மாதிரிக் காயம் பட்டவர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசும் குழுச் சிகிச்சையால் என்ன செய்ய முடியும்?

பி.டி.எஸ்.டி என்ற பெயர் 1980-இல்தான் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியலில் ஏறியது. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே, வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்கள் நியூயார்க்கில் வட்டமாக உட்கார்ந்து பேச ஆரம்பித்திருந்தார்கள். சில மனநல மருத்துவர்களும் அவர்களோடு வந்து உட்கார்ந்தார்கள். நோய்க்குப் பெயர் வருவதற்கு முன்பே குழு வந்துவிட்டது.

இதன் அறிகுறிகளை நான்கு வகையாகப் பிரிக்கிறார்கள். நடந்தது தானாகவே மனதுக்குள் திரும்ப வரும். அதை நினைவூட்டும் எதையும் மனம் தவிர்க்கும். ‘எல்லாம் என் தப்புதான்’, ‘யாரையும் நம்பக் கூடாது’ என்ற எண்ணங்கள் இறுகிப்போகும். உடம்பு எப்போதும் விறைப்பாகக் காவல் நிற்கும். முதல் வகையில் வருவதுதான் ஃப்ளாஷ்பேக். நம் சினிமாவில் வருகிற மாதிரி அது வரிசையாக, பின்னணி இசையோடு வராது. ஒரு வாசனை, ஒரு சத்தம், அவ்வளவுதான். அந்த நொடியில் அது பழைய சம்பவத்தின் நினைவாக இருக்காது. இப்போதே நடப்பதாக இருக்கும்.

20 நாடுகளில் 21,099 சிறைவாசிகளிடம் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் ஒரு கணக்கு வெளியானது. ஆண்களில் 6.2 சதவீதம் பேருக்கும் பெண்களில் 21.1 சதவீதம் பேருக்கும் இந்தப் பாதிப்பு இருந்தது. பெண்களில் ஐந்தில் ஒருவர்! சிறுவயதுப் பாலியல் வன்முறை, கணவனின் அடி, தெருவில் பட்டது என்று பலர் இந்தக் காயத்தோடுதான் உள்ளே வருகிறார்கள். இன்னொரு பிரிவினரைப் பற்றிப் பேசவே நமக்குக் கூச்சமாக இருக்கிறது. தான் செய்த கொலையே தன்னைத் தூங்கவிடாதவர்கள் அவர்கள். குற்றம் செய்தவர் என்பதற்காக மூளை அவருக்கு விலக்கு அளிப்பதில்லை.

இப்போது அந்த நான்கு வகைகளையும் சிறைக்குள் கொண்டுபோய் வைத்துப் பாருங்கள். சுவரில் முதுகைச் சாய்த்தே உட்காருவது, அரைத்தூக்கம், யாரிடமும் மனம்விட்டுப் பேசாமல் இருப்பது, முகத்தில் எதையும் காட்டாமல் இருப்பது. வெளியே இவை அறிகுறிகள். உள்ளே இவை பிழைக்கத் தெரிந்தவனின் லட்சணங்கள். அழுகிறவனுக்குத்தான் அங்கே ஆபத்து. போதாக்குறைக்கு, சிறையின் அன்றாட வாழ்க்கையே பழைய காயத்தைக் கிளறுகிறது. சாவிக் கொத்துச் சத்தம், இரும்புக் கதவு அறைந்து சாத்தப்படுவது, நள்ளிரவில் முகத்தில் அடிக்கும் டார்ச் வெளிச்சம். சிறுவயதில் பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணிடம், சோதனைக்காக உடையைக் கழற்று என்று அதிகாரமான குரல் ஒன்று சொன்னால் என்ன ஆகும்?

மூளைக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். அமிக்டலா என்ற சிறு பகுதி அபாயச் சங்கு ஊதுகிறது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை அதற்கு பிரேக் போடுகிறது. ‘இது அந்த இடம் இல்லை, இது வேறு’ என்று இடம் பொருள் சொல்லிக்கொடுப்பது ஹிப்போகாம்பஸ். பயந்த ஒன்றை ஆபத்து நேராமல் திரும்பத் திரும்பச் சந்தித்தால் சங்கு மெல்ல அடங்கும். ஆனால் பழைய பயம் அழிந்துவிடுவதில்லை. ‘இப்போது ஆபத்தில்லை’ என்ற புதிய பாடம் அதன் பக்கத்தில் எழுதப்படுகிறது, அவ்வளவே. அந்தப் புதிய பாடம் கற்ற இடத்தோடு ஒட்டிக்கொண்டும் விடுகிறது. வேறு இடத்துக்குப் போனால் பழைய பயம் தலைதூக்கும். எலிகளிடம் செய்த சோதனைகளிலேயே இது தெளிவாகிவிட்டது. சிகிச்சை அறையில் படித்த பாடம் இருபது அடி தள்ளி இருக்கும் செல் (கைதியின் அறை) கதவைத் தாண்டுமா என்பதுதான் பிரச்சினை.

குழு இங்கே என்ன செய்கிறது? பட்ரீஷியா ரெசிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980-களின் இறுதியில் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு முதலில் அதைக் குழுவாகத்தான் கொடுத்துப் பார்த்தார். வழக்கமாக 12 அமர்வுகள். சம்பவத்துக்குப் பிறகு மனம் சிக்கி நிற்கும் எண்ணங்களை ஒவ்வொன்றாக எடுத்து, ‘இதற்கு என்ன ஆதாரம்?’ என்று விசாரிப்பது அதன் அடிப்படை. குழுவில் இது எப்படி வேலை செய்யும் என்பதற்கு ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒரு பெண் சொல்கிறாள்: “நான் அன்றைக்கே கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. அதனால் தப்பு என்னுடையதுதான்.” எதிரில் இருப்பவள் சட்டென்று சொல்கிறாள்: “உனக்கு அப்போ ஒன்பது வயசுடி!” சொன்ன வேகத்திலேயே வாயடைத்துப்போகிறாள். அவளுக்கு அது நடந்தபோது வயது எட்டு. இருபது வருடமாகத் தன்மேல் எழுதிவைத்திருந்த தீர்ப்பை, இன்னொருத்தி விஷயத்தில் ஒரே நொடியில் ரத்து செய்துவிட்டாள். தனக்கு நீதிபதி, பிறருக்கு வக்கீல்: மனிதர்களின் இந்தப் பழக்கத்தைக் குழு நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. இதை ஒரு டாக்டர் சொல்லியிருந்தால், ‘சம்பளத்துக்குச் சொல்கிறார்’ என்று ஒதுக்கியிருப்பாள்.

நடந்ததைக் குழுவில் விவரமாகச் சொல்லலாமா என்பதில் இரண்டு கட்சிகள் உண்டு. ரெசிக்கின் முறையைக் குழுவாக நடத்தும்போது விவரங்களை அங்கே பேசுவதில்லை. கேட்பவர்களின் காயம் கிளறப்படும் என்ற கவலை. அமெரிக்காவின் அர்கன்சா மாநிலத்தில் சிறைப்பட்ட பெண்களுக்காக உருவான ‘ஷேர்’ என்ற 8 வாரக் குழு இதற்கு நேர்மாறானது. அங்கே முறை வைத்து ஒவ்வொருவரும் தன் கதையைக் குழுவின் முன்னால் சொல்கிறார்கள். சொல்லி முடித்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை, முகம் சுளிக்கவில்லை என்பதே மருந்தில் பாதி. எனக்கு இரண்டாவது கட்சியின் துணிச்சல் பிடித்திருக்கிறது. ஆனால் எந்த முறையானாலும், வீட்டுப்பாடமாகக் கதையை எழுதிவரச் சொல்வதில் சிறைக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. செல் சோதனையில் அந்தத் தாள் யார் கையில் கிடைக்கும்?

மூன்றாவது வழி, கடந்த காலத்தைத் தொடாமலே போவது. லிசா நஜாவிட்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் உருவாக்கிய ‘சீக்கிங் சேஃப்டி’ (பாதுகாப்பைத் தேடி) அப்படிப்பட்டது. மொத்தம் 25 தலைப்புகள். பயத்தோடு போதைப் பழக்கமும் சேர்ந்திருப்பவர்களுக்காக உருவானது என்பதால் சிறைகளுக்குப் பொருந்திவந்தது. ரோட் ஐலண்ட் மாநிலப் பெண்கள் சிறையில் 17 பேரிடம் இதைச் சோதித்து 2003-இல் வெளியிட்டார்கள். சிகிச்சை முடிந்தபோது பாதிக்கும் சற்று அதிகமானோர் பி.டி.எஸ்.டி வரையறைக்குள் வரவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம். அப்புறம் 49 பெண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குச் சிறையின் வழக்கமான சிகிச்சையோடு இதையும், மறு பாதிக்கு வழக்கமான சிகிச்சையை மட்டும் கொடுத்தார்கள். 2009-இல் முடிவு வந்தது. இரண்டு பக்கமும் முன்னேறியிருந்தார்கள். இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை! ஒப்பிட ஆள் இல்லாத ஆய்வை ஏன் முழுதாக நம்பக் கூடாது என்பதற்கு இதை வகுப்பில் பாடமாகவே வைக்கலாம்.

தனியாகக் கொடுப்பதைவிடக் குழுவாகக் கொடுப்பது மேலானது என்றும் சொல்ல முடியாது. டெக்சாஸில் 268 ராணுவத்தினரிடம் ரெசிக்கின் முறையை இரண்டு வகையாகவும் கொடுத்துப் பார்த்ததில், தனியாகப் பெற்றவர்களே அதிகம் தேறினார்கள் என்று 2017-இல் தெரியவந்தது. ஆனால் நூற்றுக்கணக்கான கைதிகளுக்கு ஒரு உளவியலாளர் என்ற நிலையில் இந்த ஒப்பீட்டுக்குப் பெரிய அர்த்தம் கிடையாது. அங்கே குழுவுக்கு மாற்று, தனிச் சிகிச்சை அல்ல. ஒன்றுமே இல்லாததுதான்.

செல் கதவைத் தாண்டுமா என்ற கேள்விக்கு வருவோம். இங்கிலாந்தில் பக்கிங்ஹாம்ஷயரில் 1962-இல் திறந்த கிரெண்டன் சிறை ஒரு பதில் வைத்திருக்கிறது. அது பி.டி.எஸ்.டி மருத்துவமனை அல்ல. கடும் குற்றங்கள் செய்த ஆண்கள் தாங்களாகவே விரும்பிக் கேட்டு வரும் இடம். வாரத்தில் மூன்று நாள் சிறு குழுக்கள், மற்ற நாட்களில் ஒரு பிரிவே மொத்தமாகக் கூடும் கூட்டம். அடிதடி செய்தவன் அங்கேயே இருக்கலாமா, போக வேண்டுமா என்று கைதிகளே ஓட்டுப் போடுகிறார்கள். அறையில் படித்ததைப் பழகிப் பார்க்க அங்கே வராந்தாவும் சாப்பாட்டு மேசையும் இருக்கின்றன. எல்லாச் சிறைகளையும் அப்படி மாற்ற எந்த அரசும் முன்வரவில்லை.

மற்ற சிறைகளில் குழு கூடும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குள்தான் எல்லாம். குழு தொடங்கும்போதே எல்லைகளைச் சொல்லிவிடுவார்கள்: தற்கொலை எண்ணம், யாரையாவது தாக்கும் திட்டம், தப்பிக்கும் யோசனை ஆகியவை ரகசியமாக இருக்காது. வழக்கில் வராத குற்றத்தின் பெயர், தேதி விவரங்களைச் சொல்லாமல் இருப்பது நல்லது. பாதி வழியில் ஒருத்தி வேறு சிறைக்கு மாற்றப்படலாம். அடுத்த வாரம் அவள் நாற்காலி காலியாக இருக்கும்.

முடிகிற நேரத்தில் உடனே எழுந்து போகவிட மாட்டார்கள். தரையில் இரண்டு காலையும் அழுத்தச் சொல்வார்கள். நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டு அது குளிர்கிறதா என்று கவனிக்க வேண்டும். கண்ணில் படும் நிறங்களை ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். இன்றைக்கு என்ன தேதி, இது எந்த ஊர்? அழுதவள் முகம் கழுவிக்கொள்ள ஐந்து நிமிடம். வராந்தாவில் யாரும் அந்தக் கண்களைப் பார்த்துவிடக் கூடாதே. அப்புறம் வெளியே சாவிச் சத்தம் கேட்கிறது. தலை எண்ணும் நேரம்.