விதை மூட்டையில் தொலையும் பைன் மரபுவளம்

ஸ்காட்ஸ் பைன் ஸ்காட்லாந்தில் தொடங்கி ஸ்காண்டிநேவியா வழியாகக் கிழக்கு சைபீரியா வரை பரவியிருக்கும் மரம். மகரந்தம் காற்றில் வெகுதூரம் பறப்பதால், நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இரண்டு காடுகளின் மரபணுவைச் சோதித்தாலும் வேறுபாட்டில் பெரும்பங்கு ஒரே காட்டு மரங்களுக்குள்ளேயே இருக்கும். காட்டுக்கும் காட்டுக்கும் இடையில் இருப்பது வெறும் சில சதவீதம். இந்த எண்ணைப் பார்த்துவிட்டு "எந்த இடத்து விதையானால் என்ன, எல்லாம் ஒன்றுதானே" என்பவர்கள் இன்றும் உண்டு.

அந்தச் சோதனைகள் பெரும்பாலும் மரத்தின் பிழைப்போடு சம்பந்தமில்லாத மரபணுத் துண்டுகளைத்தான் அளக்கின்றன. வடக்கில் பிழைப்பைத் தீர்மானிப்பது, நுனி மொட்டு எந்தத் தேதியில் மூடுகிறது என்பது. இரவு நீள்வதை உணர்ந்துதான் நாற்று வளர்ச்சியை நிறுத்துகிறது. பின்லாந்தின் வடகோடி விதையையும் தென்கோடி விதையையும் ஒரே பாத்தியில் விதைத்தால், முதல் கோடையிலேயே வடக்கத்திய நாற்று பல வாரம் முந்தி மொட்டு கட்டிவிடும். தெற்கத்தியது வடக்கே நடப்பட்டால், தண்டு முற்றுவதற்குள் உறைபனியில் மாட்டிக்கொள்ளும். எல்லா நாற்றும் முதல் குளிரில் சாவதில்லை என்பதுதான் ஏமாற்று. ஓரிரு ஆண்டு பசுமையாக நிற்கும். பிறகு ஒவ்வொரு கடுங்குளிருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாகும்.

புவி சூடேறுவதால் தெற்கு விதையை வெகுதூரம் வடக்கே கொண்டுபோகலாம் என்ற யோசனைக்கும் இதே முட்டுக்கட்டைதான். வெப்பநிலை ஏறும், அந்த இடத்து இரவின் நீளம் மாறாது. சிறு தூர நகர்த்தல் சரி, பெருந்தாவல் சூதாட்டம்.

அடுத்த தவறு விதை சேகரிப்பில். இயற்கைக் காட்டில் மரபுவளத்துக்கு, அதாவது மரங்களுக்குள் இருக்கும் மரபணு வேறுபாட்டுக்கு, பஞ்சமில்லை. ஏறுவதற்கு வசதியாகச் சாலையோரம் நிற்கும் நாலைந்து மரங்களில் கூம்பு பறித்து மூட்டை கட்டும்போதுதான் அது தொலைகிறது. கணக்கு எளிது. காட்டில் 5 சதவீத அளவில் இருக்கும் ஒரு மரபணு வடிவம், உறவில்லாத 5 மரங்களில் ஒன்றில்கூட இல்லாமல் போக ஏறத்தாழ 60 சதவீத வாய்ப்பு உண்டு. 30 மரங்கள் என்றால் அது 5 சதவீதத்துக்கு இறங்கிவிடும். சராசரி வேறுபாட்டை மட்டும் அளந்தால் 5 மரத்திலும் 90 சதவீதம் தேறும். அறிக்கை அழகாக இருக்கும், அரிய வடிவங்கள் போயிருக்கும். வெளியிலிருந்து வரும் மகரந்தம் கொஞ்சம் ஈடுகட்டும், முழுதாக அல்ல. பக்கத்துப் பக்கத்து மரங்கள் உறவுள்ளவையாக இருக்கக்கூடும் என்பதால் இடைவெளி விட்டுத்தான் தாய்மரங்களைத் தேர வேண்டும்.

தனித்து நிற்கும் மரத்தைத் தவிருங்கள். அதன் மேல் விழுவதில் அதன் சொந்த மகரந்தமே அதிகம். தன்மகரந்தத்தில் உருவாகும் கருவில் கேடான மரபணுக்கள் இரட்டிப்பதால் பெரும்பாலான கருக்கள் தொடக்கத்திலேயே மடிந்துவிடும். கத்தியால் விதைகளைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள்: நல்ல விதையில் வெண்மையான சதையின் நடுவே கரு தெரியும், மற்றது வெறும் ஓடு. பைனில் மகரந்தமே படாத சூல் முழு விதையாக வளராது. ஆகவே முழு அளவில் இருந்தும் உள்ளே காலியான விதைகள் மிகுந்திருந்தால் முதலில் தன்மகரந்தத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும். அதே மரத்தின் நிறைந்த விதையிலும் ஒரு பங்கு சோகை நாற்றாகவே முளைக்கும்.

விளைச்சல் ஆண்டில் பறிப்பதும் இதற்காகத்தான்: பல மரங்கள் ஒன்றாகப் பூக்கும்போது மகரந்தம் நன்கு கலக்கும். மகரந்தம் பட்ட கோடைக்கு அடுத்த ஆண்டு இலையுதிர் காலத்தில்தான் பைன் கூம்பு முதிரும் என்பதால், விளைச்சலை ஓராண்டு முன்பே ஊகித்துவிடலாம்.

நாற்றங்காலில் நடப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. விதையைச் சல்லடையில் அளவு பிரித்துச் சிறியதைக் கொட்டிவிடுகிறார்கள். விதையின் பருமன் பெரும்பாலும் தாய்மரத்தைப் பொறுத்தது. சிறு விதையைக் கொட்டினால் சில தாய்மரங்கள் முழுதாகவே வெளியேறிவிடும். ஒவ்வொரு மரத்திலிருந்தும் சம அளவு விதை எடுத்துக் கலப்பது பாதுகாப்பு. அளவு பிரித்தே ஆக வேண்டுமானால் ஒவ்வொரு மரத்தின் விதையையும் தனித்தனியாகப் பிரியுங்கள்.

மரபுவளம் அருகினால் என்ன என்று கேட்பவர்கள் சிலர் வட அமெரிக்காவின் செம்பைனைக் காட்டுவார்கள். வேறுபாடு மிகமிகக் குறைவாக இருந்தும் அது உயிரோடு நிற்கிறதே என்பார்கள். தன்மகரந்தத்தை அது பெரும்பாலான பைன்களைவிட நன்றாகத் தாங்கும். ஸ்காட்ஸ் பைனுக்கு அந்தத் தாங்குசக்தி கிடையாது.

விதை வாங்குபவர் கேட்க வேண்டியவை மூன்று: எந்த அட்சரேகை, எவ்வளவு உயரம், எத்தனை தாய்மரங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1999ஆம் ஆண்டு வன விதை நெறிமுறையின்படி, தோற்ற இடம் மட்டும் தெரிந்த விதைக்கு மஞ்சள் சீட்டு, தேர்ந்த காட்டு விதைக்குப் பச்சை. நிறம் தரத்தின் வகையைத்தான் சொல்லும். தாய்மரங்களின் எண்ணிக்கையை விற்பவரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தராவிட்டால் வேறு இடம் பாருங்கள்.