உரத்தைக் குறைத்தால் ஆர் காசு தாறது?

உரும்பிராய்ப் பக்கம் வெங்காயம் செய்கிற ஒருவரிடம், யூரியாவைக் கொஞ்சம் குறைத்துப் போடலாமே என்று ஒருமுறை கேட்டேன். கிணற்றடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, குறைச்சுப் போட்டு வெங்காயம் சிறுத்தா அந்தக் காசை ஆர் தாறது? நீர் தாறீரோ?"

அப்போது என்னிடம் பதில் இல்லை. அவரை மடக்க முடியாததற்குக் காரணம் எங்கள் காலடியில் கிடக்கிற கல்தான்.

யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. வழுக்கையாறு மழைக்கு மட்டும் உயிர் பெறும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை செம்மண்ணை நனைத்து, அதற்குக் கீழேயுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கிச் சேர்கிறது. அப்படிச் சேரும் நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்நீரின் அடர்த்தி சற்றே கூட என்பதால், கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் தொங்கும் என்பது கணக்கு. நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பது இதனால்தான். குடாநாட்டுக்குக் குடிக்கவும் குளிக்கவும் இறைக்கவும் இருப்பது இந்த மிதக்கும் சேமிப்புத்தான்.

சரி, யூரியாவுக்கு வருவோம். மண்ணில் போட்ட யூரியா முதலில் அமோனியமாகிறது. பிறகு மண்ணிலுள்ள பற்றீரியாக்கள் அதை நைத்திரேற்றாக மாற்றுகின்றன. அமோனியத்துக்கு நேரேற்றம். களிமண் துணிக்கைகளின் மேற்பரப்பில் மறையேற்றம். ஆகவே அமோனியம் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும். நைத்திரேற்றும் மறையேற்றம் உடையது என்பதால் மண் அதைப் பிடித்துவைப்பதில்லை. தண்ணீர் போகிற வழியே அதுவும் போகும். வெங்காயத்தின் வேரோ மேல்மண்ணில் ஒரு சாண், ஒன்றரைச் சாணுக்குள் நின்றுவிடும். அதைத் தாண்டிய நைத்திரேற்றைத் தடுக்கக் கீழே கல்லைத் தவிர ஒன்றுமில்லை, கல்லில் பொந்துகள்.

இதில் இன்னொரு சிக்கல், அதே கிணற்றிலிருந்து அதே தோட்டத்துக்கு இறைப்பது. இறைத்த தண்ணீரில் ஒரு பகுதி வெயிலில் ஆவியாகிறது. மிச்சம் திரும்பவும் கிணற்றுக்கு இறங்குகிறது, புதிதாகப் போட்ட உரத்தையும் கரைத்துக்கொண்டு. மழைக்குப் பிறகு அடுத்த மழை வரும்வரை இந்தச் சுற்று நடக்கும்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 50 கிலோ யூரியா மூட்டையில் நைதரசன் 23 கிலோ. அது முழுவதும் நைத்திரேற்றானால் சுமார் 100 கிலோ. அதில் கால்வாசி மட்டும் கீழே இறங்கினால்கூட, 5 இலட்சம் லீற்றர் சுத்தமான தண்ணீரை லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற குடிநீர் எல்லைக்குக் கொண்டுவரப் போதும். ஒரு மூட்டைக்கே இப்படி. மலசலகூடக் குழிகளிலிருந்து இறங்குவதும் இதோடு சேரும், அது தனிக்கதை.

அந்த எல்லை முக்கியமாகக் கைக்குழந்தைகளை நினைத்து வைத்தது. அத்தகைய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால், குழந்தையின் உடலில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினை ஒட்சிசன் சுமக்க முடியாததாக்கிவிடும். உடம்பு நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. கொதிக்கவைத்தால் தண்ணீர்தான் வற்றும், நைத்திரேற்று அப்படியே இருந்து இன்னும் செறிவாகும்.

இப்போது அந்த வெங்காயக்காரரின் கேள்வி. அவர் உரத்தைக் குறைத்தால் விளைச்சல் இழப்பு அவருடையது. தண்ணீர் நல்லதாவதன் பலனோ வேலிக்கு அப்பால் உள்ள பத்து வீட்டுக்கு. நட்டம் ஒருவருக்கும் பலன் பலருக்கும் என்றால் ஆர் செய்வார்? இதற்குத்தான் சில ஊர்களில், தண்ணீர் குடிப்பவர்கள் காணிக்காரருக்குக் காசு கொடுக்கும் முறையைக் கொண்டுவந்தார்கள்.

பிரான்சின் வடகிழக்கில் வித்தெல் என்ற இடம். அங்கே ஊற்று நீரைப் போத்தலில் அடைத்து விற்கும் கம்பனி, 1980களில் நைத்திரேற்று ஏறத் தொடங்குவதைக் கண்டது. மேலேயுள்ள பண்ணைகளில் மாட்டுத் தீவனத்துக்குச் சோளம் போட்டு, உரம் கொட்டிக்கொண்டிருந்தார்கள். கம்பனி விவசாய ஆராய்ச்சியாளர்களைக் கூட்டிவந்து, ஒவ்வொரு பண்ணையும் எப்படி நடக்கிறது, மாறினால் என்ன இழக்கும் என்று பார்த்தது. ஒப்பந்தங்கள் 18 அல்லது 30 வருடத்துக்கு. சோளத்தை விடவேண்டும், விவசாய இரசாயனங்களை நிறுத்தவேண்டும், எருவை மக்கவைத்தே போடவேண்டும். பதிலுக்கு முதல் 5 வருடத்துக்கு ஒரு ஹெக்டயருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 200 யூரோ, புதிய தொழுவத்துக்குச் செலவு, எருப் போட ஆள். கம்பனி வாங்கிய காணிகளை விவசாயிகளே செய்ய விட்டது. பேச்சுவார்த்தை 10 வருடம் இழுபட்டது. எனக்கு இதில் பிடித்தது காசை விட அந்தக் கணக்குப் பார்த்த பொறுமைதான்.

நியூயோர்க் வேறு மாதிரி. 1997இல், தனக்குக் குடிநீர் வருகிற கற்ஸ்கில் மலைப்பக்க ஊர்களோடு அந்த நகரம் உடன்பாடு செய்தது. பல பில்லியன் டொலருக்கு வடிகட்டும் ஆலை கட்டுவதைவிட மலையைக் காப்பது மலிவு என்று கண்டதால். காணி உம்முடையதாகவே இருக்கும், உழலாம், பிள்ளைக்கும் எழுதலாம்; கட்டடம் எழுப்பும் உரிமையை மட்டும் நகரத்துக்கு விற்று, அதைக் காணி உறுதிப் பத்திரத்தில் பதியவேண்டும். இப்படியும் ஒரு வழி வைத்தார்கள். உறுதி என்றால் என்ன என்று யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கத் தேவையில்லை.

இங்கே அதை அப்படியே பெயர்த்து வைக்க முடியாது. மலைச்சரிவில் தண்ணீர் எங்கிருந்து எங்கே போகிறது என்று கண்ணாலேயே தெரியும். சுண்ணாம்புக் கல்லுக்குள் தெரியாது. எந்தக் கிணற்றுக்கு எந்தத் தோட்டம் ஊட்டுகிறது என்பதைக் கண்டுபிடிக்கச் சாயம் கரைத்துவிட்டு எங்கே வெளிவருகிறது என்று பார்க்கவேண்டும். அப்புறம் எங்கள் தோட்டங்கள் பரப்புக் கணக்கு. 16 பரப்பு சேர்ந்தால்தான் 1 ஏக்கர். நூறு பேரோடு ஒப்பந்தம் எழுதினால்தான் ஒரு கிணற்றைச் சுற்றி மாற்றம் தெரியும். தெரிவதற்கும் வருடங்கள் செல்லும், கல்லின் நுண்துளைகளில் ஏற்கெனவே ஊறியது மெதுவாகத்தான் கழுவுப்படும்.

ஆனால் காசே இல்லை என்று சொல்வதை நான் ஏற்கமாட்டேன். இந்த நாடு 1962 முதல் உர மானியம் கொடுத்துப் பழகியது. 2021இல் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, இழப்பை விவசாயியின் தலையில் போட்டபோது விளைச்சல் விழுந்தது எல்லாருக்கும் தெரியும். குடாநாட்டின் தாளையடியில் 2024இல் திறந்த கடல்நீர் சுத்திகரிப்பு நிலையம் நாளுக்கு 24,000 கனமீற்றர் தண்ணீர் தரக்கூடியது. கடல்நீரை இப்படி நன்னீராக்க ஒரு கனமீற்றருக்கு 3 முதல் 4 அலகு மின்சாரம் பொதுவாகத் தேவை. அந்த மின் கட்டணத்தில் ஒரு துளியை, மண்ணுக்குப் பசளையாகச் சணல் விதைத்து மடக்கி உழுகிறவருக்கும், பூவரசங்குழை தாழ்க்கிறவருக்கும், சொட்டு நீர்க் குழாய் போடுகிறவருக்கும் கொடுத்துப் பார்க்கலாம்.

அண்மையில் அவரைத் திரும்பக் கண்டபோது வித்தெல் கதையைச் சொன்னேன். முழுக்கக் கேட்டார். "காணிக்காரருக்கோ குடுத்தவை, செய்யிறவனுக்கோ?" என்றார். செய்கிறவருக்குத்தான் என்றேன். அவர் செய்வது குத்தகைக் காணி. சொந்தக்காரர் ரொறன்ரோவில்.

"அப்ப சரி," என்று சொல்லி, பம்பை நிற்பாட்டப் போனார்.